கேட்பாரற்ற மனையை வடிகாலுக்கு எடுப்பது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தெருவில் தண்ணீர் நிற்கிறது. தெருக்கோடியில் தனியார் மனை ஒன்று புதர் மண்டிக் கிடக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒரு மனு வரும்: "அந்த மனையை எடுத்து வடிகால் அமைத்துத் தாருங்கள்." உள்ளாட்சி மன்றத்துக்குப் புதிதாகத் தேர்வானவரோ, வடிகால் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பொறியாளரோ, குடியிருப்போர் சங்கத்தின் புதிய செயலாளரோ, யாராக இருந்தாலும் முதல் மழைக்காலத்திலேயே இந்த மனு உங்கள் மேசைக்கு வந்துவிடும்.

வடிகால் பிரிவில் பல ஆண்டுகள் இருந்த அனுபவத்தில் ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். மனுவில் குற்றவாளியாக நிறுத்தப்படும் மனைகளில் பாதிக்கு மேல், தண்ணீரைத் தடுத்தவை அல்ல; தாங்கியவை. சுற்றியுள்ள மனைகளை எல்லாரும் மண் கொட்டி உயர்த்திக்கொண்டே போனார்கள், இது மட்டும் பழைய மட்டத்திலேயே நின்றுவிட்டது, அதனால் பள்ளம் ஆயிற்று. அன்றிலிருந்து சம்பளமில்லாமல் குளத்தின் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை எடுக்கலாமா என்று கேட்பதற்கு முன்னால், அது இப்போது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் கிளைக்கின்றன.

படி 1: மழை பெய்யும்போது போய்ப் பாருங்கள்

வெயில் நாளில் கள ஆய்வுக்குப் போனால் புதரும் குப்பையும்தான் தெரியும். மழை பெய்யும்போதே போக வேண்டும்.

நான் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு தெருக்காரர்கள் ஒன்றுகூடிக் கையெழுத்திட்ட மனு மன்றத் தீர்மானம் வரை போய்விட்டது. மனையை எடுப்பது என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. ஒரு மாலை மழையில் முழங்கால் ஆழத் தண்ணீரில் நடந்து போனபோது, மிதந்து வந்த தெர்மோகோல் துண்டு ஒன்றைக் கவனித்தேன். அது மனையை நோக்கிப் போகவில்லை. எதிர்த்திசையில் மெல்ல நகர்ந்து, தெருமுனைச் சிறுபாலத்தின் வாயருகே போய், உள்ளே நுழையாமல் சுற்றிச் சுற்றி நின்றது. மழை விட்ட மறுநாள் ஆளை இறக்கிப் பார்த்தோம். சிறுபாலத்துக்குள் குறுக்காக யாரோ ஒரு கேபிள் குழாயைச் செருகியிருந்தார்கள். அதில் கிழிந்த தார்ப்பாய் ஒன்று மாட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் பைகள் படிந்து, வண்டல் சேர்ந்து, முக்கால்வாசி வாய் அடைத்துப் போயிருந்தது. அரை நாள் வேலையில் தீர்ந்தது. மனையை எடுக்கும் தீர்மானத்தைத் திரும்பப் பெறத்தான் மூன்று மாதம் ஆயிற்று.

ஆகவே குடையோடு போங்கள். தண்ணீர் எங்கிருந்து மனைக்குள் வருகிறது, எங்கே வெளியேறுகிறது, எந்த நேரத்தில் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு சுவரில் வண்ணப்பூச்சால் கோடு போட்டுத் தேதி எழுதிவிடுங்கள். இந்தக் கோடு கடைசிப் படியில் மறுபடி தேவைப்படும். ஒரே மழையை வைத்து முடிவு கட்ட வேண்டாம். சாதாரண மழைக்கே தண்ணீர் நின்றால் பெரும்பாலும் எங்கோ அடைப்பு. பெருமழைக்கு மட்டும் நின்று சில மணி நேரத்தில் வடிந்தால், வடிகாலின் கொள்ளளவு போதவில்லை. மழை விட்டு நாட்கணக்காக நின்றால், தண்ணீர் போய்ச் சேரும் இடத்தின் மட்டமே உயரமாக இருக்கிறது அல்லது நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்கு நிலமே தேவையில்லை.

படி 2: மட்டமும் கணக்கும்

நில அளவையாளர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கொத்தனார்கள் வைத்திருக்கும் ஒளிபுகும் நீண்ட குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் இரு இடங்களில் செங்குத்தாகப் பிடித்தால், இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து தரை எவ்வளவு கீழே என்று இரு இடத்திலும் அளந்தால் எது பள்ளம் என்று தெரிந்துவிடும். குழாய்க்குள் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு குமிழி போதும், கணக்கு பொய்யாகிவிடும். தெருவின் தலைமாடு, மனையின் நடு, மனையின் கடைக்கோடி, அடுத்த வடிகாலின் அடித்தளம் ஆகிய நான்கு இடங்களின் மட்டம் தெரிந்தால் பாதி வழக்கு முடிந்தது. கடைசியாகச் சொன்ன இடம் மனையைவிட உயரமாக இருந்தால், மனைக்குள் எத்தனை வாய்க்கால் வெட்டினாலும் தண்ணீர் ஏறிப் போகாது.

அடுத்தது அளவு. 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர். வடிகால் துறையில் இன்றும் கையாளப்படும் எளிய சூத்திரம், 1850-களின் தொடக்கத்தில் அயர்லாந்துப் பொறியாளர் மல்வனி முன்வைத்த கருத்திலிருந்து வந்தது; 1889-இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் குய்க்லிங் அதை நகரச் சாக்கடைகளுக்குப் பொருத்திக் காட்டினார். மழையின் வேகத்தையும் பரப்பையும் பெருக்கி, எவ்வளவு பங்கு மண்ணில் இறங்காமல் ஓடுகிறது என்ற விகிதத்தால் பெருக்க வேண்டும். கூரையும் சிமென்ட் தரையும் பெய்ததில் பெரும்பங்கை அப்படியே ஓடவிடும். புல்தரை பெரும்பகுதியைக் குடித்துவிடும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். 2 ஹெக்டேர் குடியிருப்பு. ஒரு மணி நேரத்தில் 40 மில்லிமீட்டர் மழை. அதில் 10-இல் 7 பங்கு ஓடிவருகிறது என்று கொள்வோம். மொத்தம் 560 கன மீட்டர், அதாவது 5 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். மனையோ 20 மீட்டருக்கு 30 மீட்டர். கரைகளைச் சரிவாக விட்டு 60 சென்டிமீட்டர் ஆழம் தோண்டினால் அது பிடிப்பது சுமார் 300 கன மீட்டர். பாதிக்குச் சற்று மேல்தான். மீதிப் பாதிக்கு வெளியேறும் வழி வேண்டும்.

இந்தக் கணக்கை மன்றக் கூட்டத்துக்கு முன்பே போட்டு வையுங்கள். "மனையை எடுத்தால் தண்ணீரே நிற்காது" என்று வாக்குறுதி கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "இந்த அளவு மழை வரை நிற்காது, அதற்கு மேல் இத்தனை மணி நேரத்தில் வடியும்" என்று சொல்லப் பழகுங்கள். மக்கள் புரிந்துகொள்வார்கள்; எதிர்பார்த்ததைவிட நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

படி 3: யாருடைய மனை?

கேட்பாரற்றது வேறு, உரிமையாளர் இல்லாதது வேறு. புதிதாக வருபவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் கோப்புகள் நீதிமன்றத்துக்குப் போகின்றன.

முதலில் பழைய வரைபடங்களைப் பாருங்கள். மனைப்பிரிவு போடப்பட்ட காலத்துக்கு முந்தைய நில அளவை வரைபடத்தில் அந்த மனையின் ஊடே ஒரு வாய்க்கால் கோடு ஓடலாம். ஓடினால் நீங்கள் தேடுவது எடுப்பு அல்ல, மீட்பு. அந்தப் பகுதி பொதுச் சொத்தாகவே இருக்க வாய்ப்புண்டு. அளந்து எல்லைக்கல் நட்டால் போதும். இப்படி ஒரு கோடு கண்ணில் படும் நாள், இந்த வேலையின் மிக மகிழ்ச்சியான நாள்.

கோடு இல்லையென்றால் பத்திரப்பதிவு, வரிப்பதிவு, வில்லங்கம் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றில் தாத்தா பெயரும் இன்னொன்றில் பேரன் பெயரும் இருக்கும். உரிமையாளர் இறந்து, வாரிசுகள் பல ஊர்களில் சிதறி, பாகப்பிரிவினை ஆகாமல் கிடப்பதுதான் இத்தகைய மனைகளின் வழக்கமான கதை. இது எந்த ஒரு நாட்டுக்கும் மட்டுமான நோய் அன்று. ஜப்பானில் உரிமையாளர் இன்னார் என்று கண்டறிய முடியாத நிலத்தின் மொத்தப் பரப்பு சுமார் 41 லட்சம் ஹெக்டேர் என்று 2017-இல் ஓர் ஆய்வுக்குழு மதிப்பிட்டது. கியூஷு தீவின் பரப்பைவிட அது அதிகம். அதன்பின் 2018-இல் அங்கே இயற்றப்பட்ட சட்டம், இத்தகைய நிலத்தைப் பூங்கா போன்ற பொதுத் தேவைகளுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பயன்படுத்த வழிசெய்தது. உரிமையைப் பறிக்காமல் பயன்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்ட இந்த ஏற்பாட்டை நினைவில் வையுங்கள். 2024 ஏப்ரல் முதல் வாரிசுப் பதிவையும் அங்கே கட்டாயமாக்கிவிட்டார்கள்.

தேடியதற்கெல்லாம் எழுத்தில் சான்று வேண்டும். எந்த முகவரிக்குக் கடிதம் போயிற்று, எது திரும்பி வந்தது, அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டீர்கள், மனையில் அறிவிப்பு ஒட்டிய படம் எது, எல்லாம் கோப்பில் இருக்கட்டும். பத்து ஆண்டு கழித்து வாரிசு ஒருவர் வந்து நிற்கும் நாளில் உங்களைக் காப்பாற்றுவது இந்தக் காகிதங்கள்தான். வருவார். கட்டாயம் வருவார்.

படி 4: தேவையானதை மட்டும் கேளுங்கள்

இதுதான் வழிகாட்டியின் நடுநாயகம், நிதானமாகப் படியுங்கள். மனையை எடுப்பது என்றாலே முழுக் கிரயம் அல்லது கட்டாய எடுப்பு என்று நினைத்துவிடுகிறோம். இடையில் ஒரு படிக்கட்டே இருக்கிறது. கீழ்ப்படியிலிருந்து ஏறுங்கள்.

முதலில் பேசுங்கள். உரிமையாளர் பலருக்குத் தம் மனையில் தண்ணீர் நிற்பதே தெரியாது. அவரே புதரை வெட்டி வழிவிட்டால் கதை முடிந்தது.

பேச்சு பலிக்காவிட்டால் சுத்தம் செய்யச் சொல்லும் அறிவிப்பு. பல நாடுகளின் சட்டங்களில் இந்த அதிகாரம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1990-ஆம் ஆண்டு நகரத் திட்டமிடல் சட்டத்தின் 215-ஆம் பிரிவு, சுற்றுப்புறத்தைக் கெடுக்கும் நிலத்தைச் சீர்செய்யும்படி உரிமையாளருக்கு அறிவிப்புத் தர உள்ளாட்சிக்கு இடமளிக்கிறது. அவர் செய்யாவிட்டால் உள்ளாட்சியே உள்ளே போய்ச் செய்து செலவை வசூலிக்கலாம். 1991-ஆம் ஆண்டு நில வடிகால் சட்டமும் அடைபட்ட நீரோடைக்கு இதே போன்ற வழியைத் தருகிறது. உங்கள் ஊருக்குப் பொருந்தும் சட்டத்தில் இதற்கு இணையான பிரிவு எது என்று சட்ட அலுவலரிடம் கேட்டு, எண்ணை எழுதி மேசைமேல் ஒட்டிவையுங்கள். நிலம் கை மாறாமலேயே பல தெருக்கள் இந்தப் படியில் வடிந்துவிடும்.

உரிமையாளர், "குழாயை நான் பதிக்கவில்லை, எனக்கென்ன?" என்று கேட்கலாம். இதற்கு 1940-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொன்ன பதில் ஒன்று உண்டு. மத அமைப்பு ஒன்றின் நிலத்தில் ஓடிய கால்வாயில், 1934-இல் உள்ளாட்சி அமைப்பு ஒன்று அனுமதி கேட்காமலேயே குழாய் பதித்தது. குழாயின் வாய்க்கு முன்னால், சற்றுத் தள்ளி நிற்க வேண்டிய கம்பித் தடுப்பை வேலையாட்கள் குழாயின் தலைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். அங்கே அதனால் ஒரு பயனும் இல்லை. மூன்று ஆண்டு கழித்து ஒரு பெருமழையில் இலைச்சருகு வாயை அடைக்க, பக்கத்துத் தோட்டம் மூழ்கியது. குழாயைப் பதித்தது வேறொருவர். ஆனாலும் அது இருப்பதை அறிந்தும் சரிசெய்யாமல் விட்டதால் நில உரிமையாளரே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. பழைய தீர்ப்புகளை வழிகாட்டியாகக் கொள்ளும் பிரிட்டிஷ் பொதுச்சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் இந்தத் தீர்ப்பை இன்றும் எடுத்தாள்கிறார்கள். நீங்கள் இதிலிருந்து இரண்டு பாடம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, தூங்கும் உரிமையாளருக்கும் பொறுப்பு உண்டு. இரண்டு, நாளைக்கு அந்த மனை உங்கள் கைக்கு வந்தால் அதே பொறுப்பு உங்கள் தலையில் ஏறும்.

அடுத்த படி வழியுரிமை. மனையின் ஓரமாக இரண்டு மூன்று மீட்டர் அகலத்துக்குத் தண்ணீர் போகவும், தூர் வார ஆள் வரவும் உரிமை. நிலம் அவருடையதாகவே இருக்கும். மேற்சொன்ன மனையில் இதற்கு ஆகும் நிலம் பத்தில் ஒரு பங்குதான். விலையும் அதற்கேற்பக் குறையும். பதிவு செய்ய மட்டும் மறந்துவிடாதீர்கள். வாய்மொழியாகத் தந்த வழி, மனை விற்பனையானதும் சுவராகிவிடும்.

அதற்கும் மேலே குறிப்பிட்ட கால ஒப்பந்தம், தானம், பேசி வாங்கும் கிரயம். அமெரிக்காவின் மில்வாக்கி வட்டாரக் கழிவுநீர் அமைப்பு 2001 முதல், விற்க மனமுள்ளவர்களிடம் மட்டுமே காலி நிலம் வாங்கி, வெள்ளநீர் ஊறும் வெளியாக அதைக் கட்டிடமின்றி வைத்து வருகிறது. மனமுள்ளவரிடம் வாங்குவதில் விலை சற்றுக் கூடினாலும் வழக்குச் செலவோடு ஒப்பிட்டால் லாபம்.

வரிப்பாக்கிக்காக மனையை ஏலத்துக்குக் கொண்டுவருவது இன்னொரு வழி. குறுக்குவழி போலத் தெரியும், கவனமாக இருங்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 94 வயது மூதாட்டி ஒருவரின் குடியிருப்பை, வட்டியும் அபராதமும் சேர்த்துச் சுமார் 15,000 டாலர் வரிப்பாக்கிக்காக 40,000 டாலருக்கு விற்று, மிச்சத்தையும் மாவட்ட நிர்வாகமே வைத்துக்கொண்டது. அது அரசமைப்புக்கு முரணான பறிப்பு என்று 2023-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. பாக்கி போக மீதி உரிமையாளருடையது.

கட்டட அனுமதி கேட்டு வருபவரிடம் "அப்படியே வடிகாலுக்கு ஒரு கீற்று எழுதித் தாருங்கள்" என்று நிபந்தனை போடும் பழக்கமும் பரவலாக உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள டிகார்டு நகரம், கடையை விரிவாக்க வந்தவரிடம், ஓடையோர நிலத்தையும் சைக்கிள் பாதைக்கான துண்டையும் கேட்டது. கேட்கப்படும் நிலம், அந்தக் கட்டடத்தால் உண்டாகும் பாதிப்புக்கு ஏறத்தாழ ஈடாக இருக்க வேண்டும் என்று 1994-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது. சட்டம் ஊருக்கு ஊர் மாறலாம், நியாயம் மாறாது.

உச்சிப்படி கட்டாய எடுப்பு. இதற்கு முன்னால் உள்ள படிகளில் எதெல்லாம் முயன்றீர்கள், ஏன் பலிக்கவில்லை என்று ஒரு பக்கம் எழுத முடியாவிட்டால் இதைத் தொடாதீர்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம், கொல்கத்தா மாநகராட்சி பூங்காவுக்காக ஒரு தனியார் நிலத்தை எடுத்ததாகக் கூறிய வழக்கில், சட்டத்தின் வழியே அன்றி யாருடைய சொத்தையும் பறிக்கக்கூடாது என்னும் அரசமைப்பின் 300அ பிரிவுக்குள் ஏழு கூறுகள் அடங்கியிருப்பதாக விளக்கியது: அறிவிப்பு பெறும் உரிமை, ஆட்சேபத்தைச் சொல்லும் உரிமை, காரணத்தோடு கூடிய முடிவு, பொதுத் தேவைக்கு மட்டுமே எடுக்கும் கடமை, நியாயமான இழப்பீடு, தாமதமில்லா நடைமுறை, எடுப்பை முறைப்படி முடித்து வைப்பது. மாநகராட்சி காட்டிய சட்டப்பிரிவே எடுப்பதற்கு அதிகாரம் தராத பிரிவு என்பது இந்த வழக்கின் இன்னொரு பாடம். "இடம் தேவை என்று முடிவு செய்யலாம்" என்று சொல்லும் பிரிவும், "எடுக்கலாம்" என்று சொல்லும் பிரிவும் வேறு வேறாக இருக்கும். எந்தப் பிரிவில் கையெழுத்திடுகிறீர்கள் என்று இரண்டு முறை பாருங்கள். நீங்கள் இந்தியாவில் இல்லாவிட்டாலும் இந்த ஏழையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் கோப்பின் பக்க எண்ணைக் குறியுங்கள். ஏதாவது ஒன்று காலியாக இருந்தால் கோப்பு இன்னும் பழுக்கவில்லை.

இழப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. "பல வருடமாகப் பராமரிக்காத நிலம், இதற்கு என்ன விலை?" என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். பராமரிக்காதது விலையைக் குறைக்கும் காரணம் ஆகாது; சுத்தம் செய்ய ஆன செலவைத் தனியாகக் கணக்குக் காட்டிக் கழிக்கலாம், அவ்வளவுதான். சொல்லப்போனால் இத்தனை மழைக்காலம் தெருத் தண்ணீரைத் தாங்கியதற்கு நாம்தான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று நான் ஒருமுறை கூட்டத்தில் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை.

படி 5: கீழ்த்தெருவைக் கேளுங்கள்

மனுக் கொடுத்தவர்கள் மேல்தெருக்காரர்கள். தண்ணீர் போகப்போவது கீழ்த்தெருவுக்கு. 1804-ஆம் ஆண்டு பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பின் 640-ஆம் பிரிவு, மேட்டு நிலத்திலிருந்து இயல்பாக வழியும் நீரைப் பள்ளத்து நிலம் ஏற்க வேண்டும் என்கிறது. அதோடு நிறுத்தவில்லை: மனிதக் கை படாமல் வழியும் நீர் என்றும் வரையறுக்கிறது. நீங்கள் குழாய் போட்டு வேகமாக அனுப்பும் தண்ணீர் அந்த வரையறைக்குள் வராது. மனையில் அரை நாள் தங்கிப் போன வெள்ளம், புதிய சிமென்ட் வாய்க்காலில் அரை மணியில் கீழே போய்ச் சேர்ந்தால், அடுத்த மழைக்காலத்தில் கீழ்த்தெருவிலிருந்து மனு வரும். ஆகவே கூட்டத்தை இரு தெருக்காரர்களையும் வைத்து நடத்துங்கள். படி 2-இல் போட்ட கணக்கு இங்கே கை கொடுக்கும்.

படி 6: என்ன கட்டுவது

குறைவாகக் கட்டுங்கள். மனையை மண் போட்டு உயர்த்தி நடுவே ஒரு மூடிய வாய்க்கால் போடுவதுதான் ஒப்பந்ததாரருக்குப் பிடித்த திட்டம். அது இருந்த குளத்தையும் அழித்துவிடும். ஆழமில்லாத தாழ்நிலமாகவே விட்டு, நுழைவாயில், வெளிவாயில், மிகைநீர் வழிந்தோடக் கலங்கல் என்று மூன்றை மட்டும் ஒழுங்காக அமைத்தால் போதும். ராட்டர்டாம் நகரில் 2013-இல் திறந்த பென்தம் சதுக்கம் மற்ற நாட்களில் விளையாட்டுத் திடல், பெருமழையில் சுமார் 17 லட்சம் லிட்டர் பிடிக்கும் தொட்டி. அவ்வளவு ஆடம்பரம் நமக்குத் தேவையில்லை. ஆனால் கருத்து அதுதான்.

தண்ணீர் இறங்குமா என்று மண்ணைக் கேட்க வேண்டும். அடித்தளம் வரப்போகும் ஆழத்தில் ஒரு குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி, இரண்டாம் முறை எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று அளவுகோலை நட்டுப் பாருங்கள். முதல் முறை காய்ந்த மண் ஆசையாகக் குடிக்கும், அதை நம்பக்கூடாது. 60 சென்டிமீட்டர் தண்ணீர் 48 மணி நேரத்தில் இறங்க, மணிக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் வேகம் வேண்டும். நாளடைவில் வண்டல் படிந்து வேகம் குறையும் என்பதால் சோதனையில் இரண்டரையாவது வந்தால்தான் மண்ணை நம்புங்கள். வராவிட்டால் சிறு குழாய் வழியாக மெல்ல வெளியேற்றும் ஏற்பாடு வேண்டும். இரண்டு மூன்று நாட்களுக்குள் வடிய வேண்டும் என்பதற்குக் காரணம் கொசு: வெப்பமான இடங்களில் முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஒரு வாரம் தண்ணீர் நின்றால் தெருக்காரர்கள் உங்களைத் திட்டுவதில் நியாயம் இருக்கிறது.

வெட்டுவதற்கு முன் அங்கே முன்பு என்ன இருந்தது என்று விசாரியுங்கள். பட்டறை, சாயத் தொட்டி, எண்ணெய்க் கிடங்கு என்று ஏதாவது பதில் வந்தால் மண் பரிசோதனை முடியாமல் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கக்கூடாது. நஞ்சு நேராக நிலத்தடி நீருக்குப் போய்விடும்.

கரைச்சரிவை, ஓர் அடி இறக்கத்துக்குக் குறைந்தது மூன்றடி கிடைத்தூரம் இருக்கும்படி விடுங்கள். தவறி விழுந்த குழந்தை தானே ஏறி வர வேண்டும். வெளிவாயில் கம்பித் தடுப்பைப் படுக்கையாகப் போடாமல், நீரோட்டத்துக்குச் சாய்வாக, குழாயின் வாயிலிருந்து சற்று முன்னால் வையுங்கள். சருகு மேலே ஏறி ஒதுங்கும், தண்ணீர் கீழே புகுந்து போகும். மேலே சொன்ன பிரபுக்கள் சபை வழக்கு, ஒரு கம்பித் தடுப்பைத் தப்பான இடத்தில் வைத்ததால் வந்தது என்பதை மேஸ்திரிக்கும் சொல்லுங்கள்.

படி 7: தூர் வாரும் பதிவேடு

மனை கைக்கு வருவதற்கு முன்பே பதிவேடு திறந்துவிடுங்கள். எந்தப் பிரிவின் பொறுப்பு, எந்தத் தலைப்பில் ஆண்டுதோறும் பணம், மழைக்காலத்துக்கு முன் எந்த மாதத்தில் தூர் வாருவது, ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் கம்பித் தடுப்பைச் சுத்தம் செய்வது யார் என்று பதவிப் பெயரோடு எழுத வேண்டும். "சம்பந்தப்பட்ட பணியாளர்" என்று எழுதினால் யாரும் போக மாட்டார்கள். இதற்கு நிதி ஒதுக்காத தீர்மானம் என் மேசைக்கு வந்தபோதெல்லாம் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கேட்பாரற்ற தனியார் மனை, கேட்பாரற்ற பொது மனையாக மாறுவதற்கு மூன்று மழைக்காலம் போதும். அப்போது அறிவிப்பு கொடுக்கக்கூட எதிரே ஆள் இருக்காது.

குப்பை கொட்டுவதும் தொடரும். வேலி போட்டுப் பூட்டுவதைவிட, நாலு பேர் நடந்து போகும் ஓரப்பாதை விட்டால் கொட்டுவது குறைகிறது என்பது என் அனுபவம். பூட்டிய இடத்தில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

வேலை முடிந்த முதல் பெருமழையில் மறுபடி குடையோடு போங்கள். முன்பு சுவரில் போட்ட கோட்டுக்கும் இன்றைய தண்ணீருக்கும் எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம் என்று அளந்து, அதே சுவரில் புதுக் கோடும் தேதியும் போடுங்கள். மூன்றாம் நாள் காலையில் திரும்பப் போங்கள். அடித்தளத்தில் இன்னும் தண்ணீர் நின்றால், வடிவமைப்பைக் குறை சொல்வதற்கு முன் வெளிவாயில் கம்பித் தடுப்பில் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள்.